அன்றைக்கு வண்டி லேட் இல்லை

என் அப்பா ஜெயவேலுவோடு படம் பார்க்கப் போவதென்றால் டிக்கெட்டோடு கொஞ்சம் பொறுமையும் கொண்டுபோக வேண்டும். படம் ஓடும்போது வாயைத் திறக்கமாட்டார். பக்கத்தில் யாராவது போனை எடுத்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்; அந்தப் போன் தானாகப் பைக்குள் போய்விடும். ஆனால் விளக்கு போட்ட நிமிஷத்திலிருந்து பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுப் படியேறும்வரை ஒரே அபிப்பிராயமாக இருக்கும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள். ஒருமுறை கண்டக்டர், "யாவ பிச்சர் சார் அது?" என்று கன்னடத்தில் கேட்டுப் படத்தின் பேரை டிக்கெட் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

அவர் பார்ப்பதெல்லாம் சின்னப் படங்கள். காலை ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வருகிற, மறுவெள்ளிக்குள் காணாமல் போகிற படங்கள். தமிழ், கன்னடம், மலையாளம் எதுவானாலும் சரி. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டாரும் ஜெனரேட்டரும் லிஃப்டும் பார்த்துக்கொள்கிற மனுஷனுக்கு இந்தப் படங்களில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அவரோடு பஸ்ஸில் வந்ததில்லை.

ஏழைகளைப் பற்றி எடுக்கிற படங்கள்மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல். "அது இன்னா, ஏழைன்னா எல்லாம் மண்ணு கலருலதான் இருக்கணுமா? சுவரு மண்ணு கலரு, புடவை மண்ணு கலரு, சோறு கூட மண்ணு கலரு. நம்ம லைன் வீட்டுல சுவரு பச்சை, பக்கெட்டு நீலம், உங்கம்மா புடவை ரோஸ்ல மஞ்சப் பூ. இல்லாதவன்தான்மா கலர் கலரா வாங்குவான்."

சாப்பிடுகிற காட்சி வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நடிகர் சோற்றைப் பிசைகிறாரே தவிர ஒரு வாய்கூடப் போடவில்லை என்றால் அந்த நடிகர் அதோடு அவர் மனசிலிருந்து இறங்கிவிடுவார். ஐந்து நிமிஷம் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கும் பெண்கள் இன்னொரு வருத்தம். "அவளுக்கு அடுப்புல ஒண்ணும் வைக்கலியா?" என்பார். மௌனத்தைப் பற்றி அவர் சொன்னதை என் ஆபீசில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். "ரெண்டு பேரு பேசாம உக்காந்திருந்தா அதுல ஏதோ ஆழம் இருக்குதுன்னு எடுக்கறான். நானும் உங்கம்மாவும் ஒரு மாசம் பேசாம இருந்திருக்கோம். யாரும் வந்து அவார்டு குடுக்கல."

பிடித்துவிட்டாலோ, தலைகால் புரியாது. போன வருஷம் ஒரு கன்னடப் படம். தம்பியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிற அண்ணன், கேட்க வாய் வராமல், சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிபண்ணிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறான். அவ்வளவுதான் படம். அப்பா அந்த வாரத்தில் மூன்று தடவை போனார். "வாஷர் மாத்தறான் பாரு, அப்ப அவன் மூஞ்சியப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, வாஷரைத்தான் பார்த்தேன் என்று சொன்னதற்கு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் முடிவில் கை தட்டுவார். காலியான தியேட்டரில் அந்த ஒற்றைக் கைத்தட்டல் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஏன்பா என்றால், "யாரோ எவனோ நமக்காக ரெண்டு வருஷம் முட்டி மோதி எடுத்திருக்கான். அதுக்கு ஒரு மரியாதை இல்லியா?" என்பார். திட்டுவது அதற்கப்புறம், வெளியே வந்து.

இப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறந்து, நான் ஒரு படம் எடுத்தேன். அதுவும் அவரைப் பற்றி. அதில் ஒரு பொய்யை வைத்தேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல்; சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடியபோது அவருக்கு முப்பத்து நாலு. பூமிக்குள் ஒரு மைலுக்குமேல் இறங்கி வேலை பார்த்தவர், அதன்பிறகு பெங்களூரில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பார்க்க ஆரம்பித்தார். விடிகாலை எங்கள் ஊர் மாரிகுப்பம் ஸ்டேஷனில் வண்டியேறி, சாயங்காலம் ஆறு மணி வண்டியில் கிளம்பி, எட்டு மணிக்கு வீடு. ஊரில் பாதி ஆண்பிள்ளைகளுக்கு இதுதான் வாழ்க்கை. பெட்டிக்குப் பெட்டி தனிக் கூட்டாளிகள், தனிச் சீட்டுக்கட்டு, தனிச் சண்டை. வீட்டில் பெண்கள் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் உலை வைப்பார்கள்.

வண்டி லேட் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் மேற்கொண்டு கேட்கிற வழக்கமில்லை. குடித்துவிட்டு வந்தவனுக்கும் அதுதான் காரணம், கூட்டாளியோடு சுற்றியவனுக்கும் அதுதான், நிஜமாகவே லேட்டாக வந்தவனுக்கும் அதுதான். ஒரே வண்டியில் வந்த பக்கத்து வீட்டுக்காரன்கூட வாயைத் திறக்கமாட்டான். நாளைக்கு அவனுக்கும் அது தேவைப்படும்.

அந்தக் காலத்தில் அப்பா இப்படி ரசிகர் இல்லை. கட்-அவுட்டுக்கு மாலை போட்டு, பேப்பரைக் கிழித்து வீசி, முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்கிற ரகம். புதுப்படம் வருகிற வெள்ளிக்கிழமைகளில் பெர்மிஷன் போட்டுவிட்டு பெங்களூரிலேயே மெஜஸ்டிக் பக்கம் நாலு மணி ஆட்டத்துக்குப் போய்விட்டு, கடைசி வண்டியில் வருவார். வீட்டில் வந்து, வண்டி லேட் என்பார்.

2009-இல் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு எட்டாவது மாதம். எனக்கப்புறம் பன்னிரண்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் வழுக்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு பால்ராஜ் மாமாவின் மனைவிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பாவின் போன் அணைந்திருந்தது. எட்டரை மணிக்குத் தம்பி பிறந்தான். ஒன்பது மணிக்கு இல்லை. அப்பா பத்து மணிக்கு ஓடிவந்தார். ஆறு மணி வண்டியில்தான் ஏறினேன், நடுவில் நிறுத்திவிட்டார்கள், டவர் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார்.

நான் அப்போது பால்ராஜ் மாமா வீட்டில் இருந்தேன். மாமா அதே ஆறு மணி வண்டியில் ஏறி, எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு, "ஜெயவேலு வண்டியில இல்லியே. வெள்ளிக்கிழமை இல்ல, புதுப்படம் போட்டிருப்பான்," என்றார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொல்ல எனக்குப் பயம்; கோபமும்கூட. அந்தக் கோபம் நான் கல்லூரி முடிக்கும்வரை இருந்தது. ஆனால் அப்பா அதற்கப்புறம் ஒரு வருஷம் சினிமாப் பக்கமே போகவில்லை. நாங்கள் பொம்மனஹள்ளிக்குக் குடிவந்த பிறகு மெல்ல இந்தச் சின்னப் படங்களுக்குப் போக ஆரம்பித்தார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். சமோசாவுக்காகப் போனவள் நான். பத்து வருஷம் அவரோடு பஸ்ஸில் சண்டைபோட்டுச் சண்டைபோட்டு எனக்கும் சினிமாப் பைத்தியம் பிடித்தது. என் கையில் இன்று ஏதாவது இருக்கிறதென்றால் அது அந்த பஸ்ஸில் கிடைத்ததுதான்.

வாரத்தில் ஐந்து நாள் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சனி ஞாயிறு ஷூட்டிங் என்று இரண்டு வருஷம். கேமரா, என் ஆபீஸ் நண்பன் பரத். அப்பா பாத்திரத்தில் நடித்தவர் ஸ்ரீராம்புரத்துக் கோவிந்தன். மாநகராட்சியில் வேலை, லீவு நாளில் நாடகம். படம் எழுபத்து நாலு நிமிஷம். தினம் ரயிலில் வேலைக்குப் போய் வருகிற ஒரு மனுஷனின் கதை. அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டேன், அந்த ஆஸ்பத்திரிக் காட்சியை வைக்கலாமா என்று. அம்மா கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, "எடு. அவனுக்குப் பேரு கூட வைக்கல. படத்துலயாவது இருக்கட்டும்," என்றாள்.

முதலில் உண்மையைத்தான் எழுதினேன். ஏழாவது தடவை திருத்தும்போது அடித்துவிட்டேன். அப்பாவை ஊர் பார்க்க நிறுத்த மனசு வரவில்லை. அவர் சொன்ன பொய்யையே உண்மையாக எடுத்தேன். நடுவழியில் வண்டி நிற்கிறது. சிவப்பு சிக்னல். மழை. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அந்த மனிதன் தவிக்கிறான். நான்கு நாள் எடுத்தோம். "நிஜமாவே வண்டி நின்னுதா?" என்று பரத் கேட்டான். ஆமாம் என்றேன். படத்திலேயே நன்றாக வந்த காட்சி அதுதான்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் அமைப்பின் அரங்கத்தில் முதல் திரையிடல். ஞாயிற்றுக்கிழமை காலை. அறுபது பேர் வந்திருந்தார்கள். அப்பா அதுவரை ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை. கதை என்னவென்றும் கேட்கவில்லை. "படம் பாத்துட்டுச் சொல்றேன்" என்பதே அவர் பேச்சு. அவர் இந்தக் காட்சியைப் பார்த்து என்ன சொல்லப் போகிறார் என்பதைத் தவிர எனக்கு அன்று வேறு நினைப்பே இல்லை. பொய்யைக் கண்டுபிடிக்காத ஆள் இல்லை அவர். ஆனால் இது அவருடைய பொய். பேசாமல் கை தட்டிவிட்டுப் போய்விட்டால், நாங்கள் மூன்று பேரும் அந்தப் பொய்யோடு இன்னும் முப்பது வருஷம் நிம்மதியாக இருந்துவிடலாம். நான் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

படம் முடிந்தது. கைத்தட்டல். அப்பாவும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார். அமைப்பின் செயலாளர் சீனிவாசராகவன் என்னையும் கூட்டிக்கொண்டு மேடையேறி, அந்த சிவப்பு சிக்னல் காட்சி விதியின் குறியீடு என்று பத்து நிமிஷம் பேசினார். பிறகு, பார்வையாளர்கள் கருத்துச் சொல்லலாம் என்றார். அப்பா கையைத் தூக்கினார். பக்கத்திலிருந்த அம்மா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்ததை மேடையிலிருந்து பார்த்தேன். அவர் எழுந்து மைக்கை வாங்கிவிட்டார்.

"என் பேரு ஜெயவேலு. டைரக்டரோட அப்பா. அதுக்காக யாரும் கை தட்ட வேணாம். டிக்கெட் வாங்கின ஆள் மாதிரிதான் நான் பேசுவேன்," என்றார். சிரிப்பு. "கோவிந்தன் சார் நல்லா பண்ணிருக்கார். ஆனா சாயங்காலம் டிபன் பாக்ஸ் தூக்கறது தப்பு. காலி டப்பாவை அவ்ளோ கனமா யாரும் தூக்க மாட்டாங்க. அது ஆடும், உள்ள ஸ்பூன் சத்தம் போடும். அப்புறம் அந்தம்மா அழற எடத்துல வயலின் வேணாம். நாங்களே அழுவோம், நீங்க ஆரம்பிச்சு வைக்க வேணாம்."

மறுபடி சிரிப்பு. இதோடு உட்கார்ந்துவிடுவார் என்று எனக்கு மூச்சு வந்தது. அவர் மைக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த சிக்னல் சீன். அழகா இருக்குது. இந்தப் படத்துலயே அழகான சீன் அதான். அது பொய்யி. அன்னிக்கு வண்டி லேட் இல்ல. ரைட் டைம். அந்தாளு அதுல ஏறவே இல்ல. மெஜஸ்டிக்ல சினிமா பாத்துட்டு இருந்தான், போனை ஆஃப் பண்ணி வச்சிட்டு. காமெடிப் படம். அவன் பொண்டாட்டி கீழ விழுந்தப்போ அவன் வயிறு வலிக்கச் சிரிச்சிட்டு இருந்தான். ஒழுங்கா ஆறு மணி வண்டில வந்திருந்தா எட்டு மணிக்கு வந்திருப்பான். புள்ளையை உசுரோட பாத்திருப்பான். அரைமணி நேரம் இருந்துச்சு அது."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டைரக்டருக்கு இது தெரியாது. அவங்ககிட்ட சொன்னதே பொய்யி. அதனால அவங்க மேல தப்பில்ல. அவ்ளோதான்."

அப்படியே விட்டிருக்கலாம். அவர் எனக்கும் சேர்த்துப் பழியை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த மனுஷன் அறுபது பேர் நடுவில் நின்று சொல்லிய பிறகு, மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நல்லபிள்ளையாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"தெரியும்பா," என்றேன். "அன்னிக்கே தெரியும். பால்ராஜ் மாமா சொன்னதைக் கேட்டேன்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்த்த எத்தனையோ படங்களில் ஒரு முகத்தையும் அவர் சொன்னதுபோல் நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"தெரிஞ்சுமா இப்படி எடுத்த?"

"ஆமா."

"அப்ப அது பெரிய தப்பு, பாப்பா," என்று சொல்லி உட்கார்ந்தார். சீனிவாசராகவன் அவசரமாக மைக்கை வாங்கி, பின்னால் டீ இருக்கிறது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா பேசவில்லை. அம்மா நடுவில் உட்கார்ந்து வழியெல்லாம் ஏதோ துணிக்கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்பாவைவிட அவளை நினைத்துத்தான் பயமாக இருந்தது. பதினாறு வருஷம் மூடி வைத்ததை அவள் ஊர் நடுவில் கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, அம்மா குழம்பைச் சுடவைத்தாள். மூன்று தட்டு போட்டாள். சோறு போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் சொல்லி முடிஞ்சுதா? இப்ப நான் சொல்லட்டா?" என்றாள்.

அப்பா சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். ஆறு மணி வண்டில வந்தா சட்டை பிழிஞ்சு போட்ட மாதிரி இருக்கும். நெரிசல் அப்படி. கடைசி வண்டிதான் காலியா வரும். அன்னிக்கு உங்கப்பா சட்டை கசங்கவே இல்ல. பெட்டுல படுத்துட்டு நான் அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "ஏன் தனம் கேக்கல?" என்றார்.

"கேக்கணும்னுதான் இருந்தேன். விடியட்டும், நல்லா கேக்கறேன்னுதான் இருந்தேன்." அம்மா என் பக்கம் திரும்பினாள். "விடிஞ்சா, பொம்பளைங்க வார்டுக்கு மாத்திட்டாங்க, அங்க ஆம்பளைங்களை விடல. உங்கப்பா கேட்டுல நின்னு ஆயா கிட்டக் கெஞ்சி, என் துணியெல்லாம் வாங்கிட்டுப் போனார். ரத்தத் துணி. பின்னாடி குழாய்ல, பொம்பளைங்க நடுவுல உக்காந்து துவைச்சார். எல்லாம் சிரிச்சாளுங்க. ஒரு கிழவி வாயில வந்ததைப் பேசினா. இவர் தலையத் தூக்கல. பதினோரு நாளு. பக்கத்து பெட்டுப் பொண்ணுக்கு யாரும் இல்லன்னு அவ துணியையும் சேத்துத் துவைச்சுக் காயப் போட்டு, மடிச்சுக் குடுத்தார். தன்னைப் பெத்த அம்மாவுக்கே துவைச்சுப் போட்டதில்ல இந்த மனுஷன். அப்புறம் நான் எதைக் கேக்கறது?"

எனக்கு இது தெரியாது. அந்தப் பதினோரு நாளும் நான் பால்ராஜ் மாமா வீட்டில் இருந்தேன். அப்பா வழக்கம்போல் வண்டியேறி வேலைக்குப் போகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பிலேயே ஏழெட்டு வருஷம் அவரை மனசுக்குள் வெறுத்திருக்கிறேன். அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, தட்டின் முன்னால் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன்.

"பொய்யை மறைக்கறேன்னு நீ இதையும் சேத்து மறைச்சிட்ட," என்றாள் அம்மா. "உனக்கு எப்படித் தெரியும், நாங்க சொன்னாத்தானே. ரெண்டையும் வச்சு எடு."

"சினிமாவுக்குப் போனதை வை. துணி துவைச்சதெல்லாம் வேணாம்," என்றார் அப்பா. "அதைப் போட்டா அந்தாளை நல்லவனா ஆக்கிடுவாங்க. எத்தனை படத்துல பாத்திருக்கேன். தப்பு பண்ணவனை நாலு நல்லது பண்ண வச்சு, கடைசில தப்பிக்க விட்டுடுவான். எனக்குப் பிடிக்காது."

"உங்களுக்குப் பிடிக்குதோ பிடிக்கலியோ. விழுந்தது நான். துணி என்னுது. நான் சொல்றேன், அவ எடுக்கட்டும். நீங்க சும்னே பேசாம சோறு சாப்பிடுங்க."

அப்பா சாப்பிட்டார். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. அன்று எனக்கு இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லத் தெரியாமல், எழுந்து மூன்று தட்டையும் கழுவி வைத்தேன். குழாயைத் திறக்கும்போதுதான், அந்தக் கன்னடப் படத்தில் அப்பா எதைப் பார்த்தார் என்று எனக்குப் புரிந்தது.

துணி துவைக்கிற காட்சியைக் கோவிந்தன் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். அம்மா கூடவே நின்று, எந்தத் துணியை முதலில் அலசுவது என்றுவரை சொன்னாள். தியேட்டர் காட்சிதான் இழுத்தது. ஒற்றைத் திரை இருக்கிற பழைய தியேட்டர் ஒன்றை ஒரு காலை நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். பின்னாலிருந்து எடுக்கிறோம், தலையும் தோளும்தான் தெரியும். ஒருவன் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். கோவிந்தன் எட்டு தடவை சிரித்தார். எட்டும் நாடகச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தபிறகு சிரிக்க வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

மோட்டார் ரூமுக்கு லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். "முதுகுதானே தெரியும்? தள்ளுங்க சார், நான் உக்கார்றேன்," என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். திரையில் ஒன்றும் ஓடவில்லை, வெறும் வெள்ளை. பரத் கேமராவை ஓடவிட்டான். ஆக்‌ஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கையைத்தான் அசைத்தேன். அதை அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று தெரியவில்லை. சிரித்தார். அந்தக் காலத்து ஜெயவேலு, பேப்பர் கிழித்து வீசிய ஜெயவேலு சிரித்தார். முன் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் பன்னிரண்டு வயதுக்கப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. சிரிப்பு தானாக அடங்கியது. பிறகு தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அது சிரிப்பு இல்லை.

அன்று யூனிட்டுக்குத் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்த அம்மா, வெளியே தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வருஷமாக அவள் சினிமா தியேட்டருக்குள் வந்ததில்லை. டிவியில் போட்டால் பார்ப்பாள், அவ்வளவுதான். சத்தம் கேட்டு உள்ளே வந்திருக்கிறாள். கேமரா ஓடுவதையெல்லாம் அவள் கவனிக்கவில்லை. நேராக நடந்துபோய், அப்பாவுக்குப் பக்கத்தில் மடங்கியிருந்த இருக்கையை இறக்கி, உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரத் என்னைப் பார்த்தான். நான் கட் சொல்லவில்லை.

அந்த ஷாட்டில் அம்மா இருக்கக்கூடாது. அன்றைக்கு அவள் அங்கே இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பாவின் நியாயப்படி பார்த்தால் அது பொய். தெரிந்தே வைத்திருக்கிறேன். படத்தை இதுவரை ஐந்து இடத்தில் திரையிட்டுவிட்டோம், ஐந்திலும் அப்பா எழுந்து ஏதாவது குறை சொல்லியிருக்கிறார். அந்த ஷாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.